சிகாமணியண்ணாவாம்!

அம்மிணி, நீங்க தமிழுங்களா? போன்ல "சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேம்மா"ன்னு சொல்லிட்டே இருந்தீங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. எந்தூருங்க? கரூருங்களா? அட, பக்கந்தானுங்க. எனக்குப் பெருந்துறை. தண்டபாணின்னு பேரு. சிகாகோ வரைக்குமா? நானும் அங்கதானுங்க. சித்தெ இருங்க, இந்தப் பையை நகத்திக்கிறேன், நல்லா உக்காருங்க.

இல்லீங்க, அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்லப்போனா இந்நேரம் நான் பஸ்ஸுல இருக்க வேண்டிய ஆளே இல்லீங்க. இப்ப பஸ் ஏறுனமே, அந்த ஊரு யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல, அத்தனை கூட்டத்துக்கு நடுவுல உக்காந்து கத்திட்டிருக்கோணும். டிக்கெட்டு போனுக்குள்ள இருக்குது. ஆட்டம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும். நான் பாட்டுக்குப் பையைத் தூக்கிட்டு வந்துட்டனுங்க. ரோசம் இருக்கறவன் எவனா இருந்தாலும் வந்துருப்பான்.

பொறாமையெல்லாம் இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். என்ற சம்சாரம் அப்படித்தான் சொல்லுவா. அவ கெடக்கறா.

நாச்சிமுத்துன்னு ஒருத்தன். கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டல்ல நானும் அவனும் ஒரே ரூமு. அவன் சோப்புல நான் குளிப்பேன், என்ற சட்டையில அவன் பரிச்சைக்குப் போவான். அப்படி வந்த சிநேகிதமுங்க. அவன் மேல்படிப்புக்கு இங்க வந்தான், அந்த யுனிவர்சிட்டிதான். பின்னாடியே நானும் அமெரிக்கா வந்துட்டேன். சிகாகோவுல அவன் வீட்டுக்கும் என்ற வீட்டுக்கும் நடந்து போற தூரந்தான். வீடு வாங்கறப்பவே அப்படிப் பாத்துத்தான் வாங்குனேன். சம்சாரத்துக்கு அந்த வீடே பிடிக்கல. அது வேற கதை.

வருசா வருசம் எலை பழுக்கற சமயத்துல நாங்க நாலு பேரு அந்த ஊருக்குப் போவமுங்க. நாச்சிமுத்து, நானு, பூபதி, ஜெகதீசன். வெள்ளிக்கெழமை கோல்ஃப். சனிக்கெழமை அவன் காலேஜ் டீம் ஆடற ஃபுட்பால் மேட்ச்சு. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துட்டு, நாச்சிமுத்து சம்சாரம் செல்வி கட்டிக்குடுக்கற சோத்தைத் தின்னுட்டு, ரெண்டு நாளு பொண்டாட்டி புள்ளையெல்லாம் இல்லாம. உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க, எனக்கு அந்த மேட்ச்சு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் புரியாது. நாச்சிமுத்து எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். அவன் கத்துனா கத்துவேன். அவன் தலையில கைய வெச்சா நானும் வெச்சுக்குவேன்.

கோல்ஃப் மட்டுந்தான் நெம்ப இஷ்டமுங்க. ஆட்டம் இல்லீங்க, அந்த வண்டி. சின்ன பேட்டரி வண்டி குடுப்பாங்க, வண்டிக்கு ரெண்டு பேரு. அவன் ஓட்டுவான், நான் பக்கத்துல. புல்லு மேல அலுங்காமப் போகும். குடும்பம், ஆபீசு, சக்கரை, பிரஷரு, எல்லாம் அந்த வண்டியிலதான் பேசுவோம். வருசம் பூரா அவன் எனக்கு முழுசாக் கெடைக்கறது அந்த ஒரு பகலுதானுங்க.

போன் அடிச்சுதுங்களா? இல்லியா. சும்மா மணி பாத்தேன். அடிச்சாலும் எடுக்க மாட்டனுங்க. தேடட்டும்.

இந்த வருசம் ஜெகதீசனுக்கு முட்டி ஆபரேசன். சரி, மூணு பேராப் போலாம்னு நான் நெனைச்சிட்டிருக்கறேன். நாச்சிமுத்து ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்காம ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டானுங்க. தெய்வசிகாமணியாம். தாராபுரத்துப் பக்கமாம், இப்ப டல்லாஸாம். நரைச்ச மீசை, அயர்ன் பண்ணுன பேன்ட்டு. காருல முன்சீட்டுல உக்காந்திருக்கறான்! நான் போயிக் கதவைத் தொறந்தா, நாச்சிமுத்து சொல்றான், "தண்டபாணி, நீ பின்னாடி ஏறிக்கடா, சிகாமணியண்ணா முன்னாடி இருக்கட்டும்."

அண்ணாவாம்! எப்ப இருந்துடா உனக்கு அண்ணன்? அத்தனை தூரமும் "சிகாமணியண்ணா, ஏசி போதுமுங்களா? சிகாமணியண்ணா, சித்தெ காபிக்கு நிறுத்தட்டுங்களா?" எனக்கு வயிறு பத்திட்டு எரியுது. முப்பது வருசத்துல எனக்கு ஏசி போதுமான்னு ஒரு நாளு கேட்டதில்லீங்க அவன்.

கோல்ஃபுக்குப் போனமா. வண்டியில நாச்சிமுத்து ஏறுனான், பக்கத்துல அந்த ஆளு. நான் பூபதி கூட. பூபதி பாவம், நல்ல பையன், ஆனா பேசவே மாட்டான். முன்னாடி வண்டியில இவிய ரெண்டு பேரும் சிரிக்கறாங்க, குனிஞ்சு குனிஞ்சு பேசறாங்க. நான் பின்னாடி இருந்து அவிய முதுகைப் பாத்துட்டே போறேன்.

இதுல பந்து கூத்து வேற. எல்லாப் பந்தும் வெள்ளையா ஒண்ணாட்டவே இருக்குமுங்க, அதனால அவனவன் பந்துல பேனாவுல ஒரு அடையாளம் போட்டுக்கோணும். நான் பிள்ளையார் சுழி போடுவேன், எப்பவும். இந்த ஆளு பையில இருந்து பந்தை எடுத்தான் பாருங்க, அதுலயும் பிள்ளையார் சுழி! நம்மாளுக எவன் பேனா எடுத்தாலும் மொதல்ல அதைத்தானே போடுவான்னு பூபதி சொல்றான். போடட்டும், ஒரு வேல் போட்டா என்ன? ஒரு பட்டை போட்டா என்ன? கடைசியில புல்லுக்குள்ள கெடந்த அவன் பந்தை என்ற பந்துன்னு நெனைச்சு நான் ஓங்கி அடிச்சுப்போட்டேன். தப்புப் பந்தை அடிச்சா எனக்குத்தான் தண்டம். அந்த ஆளு சிரிச்சுட்டே சொல்றான், "பரவாயில்லீங்க, ரெண்டும் பிள்ளையாரு பந்துதானுங்களே, தண்டமெல்லாம் வேண்டாமுங்க." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வல்ல. அவன் யாருங்க எனக்குத் தண்டத்தை மன்னிக்கறதுக்கு?

பாதி ஆட்டம் முடிஞ்சுதுங்க. நாச்சிமுத்து வந்து என்ற தோள்ல கைய வெச்சான். ஆகா, கூப்படறான்னு நெனைச்சேன். "டேய், மிச்சத்துக்கு நீ சிகாமணியண்ணா வண்டியில ஏறிக்க. மனசுவுட்டுப் பேசிட்டு வா"ங்கறான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. முதுகைத் திருப்பிட்டு மட்டையைத் தொடைச்சிட்டிருந்தேன். என்னைய அந்த ஆளு தலையில கட்டிட்டு, இவன் பூபதி கூட ஏறிப் போயிட்டான்.

வண்டியில ஏறுன ஒடனே அந்த ஆளு ஆரம்பிச்சுட்டானுங்க. நாச்சிமுத்துவை எத்தனை வருசமாத் தெரியுங்க? ஆளு எப்படீங்க? கோவம் வருமுங்களா? கையி தாராளமுங்களா, புடிச்சதா? வீட்டுல எப்படி? என்ற சிநேகிதனைப் பத்தி எங்கிட்டயே! தேங்காயத் தட்டித் தட்டிப் பாத்து வாங்கறாப்பல. சிநேகிதம் புடிக்கறதுக்கு முன்னாடி சரக்கு நல்லாருக்கான்னு பாக்கறான், புரியுதுங்களா? இருக்கற என்னைய ஒதுக்கிட்டு அந்த எடத்துல உக்காரத் துண்டு போடறான்.

நான் உட்டுருவனுங்களா? நல்லாச் சொன்னேன். "அவனா? எச்சக் கையில காக்கா ஓட்ட மாட்டானுங்க. கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. ஒருக்கா குழியில பந்து உழுகலைன்னு மட்டையக் கொண்டுபோயிக் கொளத்துல வீசுனவன். பழகறப்ப நல்லாப் பழகுவான், காரியம் முடிஞ்சா திரும்பிப் பாக்க மாட்டான். ஊட்டுல அவன் பேச்சு எடுபடாது, எல்லாம் அந்த அம்மா ராஜ்ஜியம்." போதுமுங்களா? அந்த ஆளு மூஞ்சி சுருங்கிப்போச்சுங்க. எனக்குள்ள ஒரு சந்தோசம். ஓடிருவான்டான்னு நெனைச்சேன்.

அவன் ஓடல. இன்னுங் கேக்கறான். "பொண்ணு ஒண்ணு இருக்குதாமே, எப்படீங்க?" அமுதினி. பல் டாக்டருக்குப் படிச்சிருக்கறா. அதைத் தூக்கி வளத்துனதே நானுங்க. என்னைப் பெரியப்பான்னுதான் கூப்புடும். ரெண்டு வருசமா மாப்பிள்ளை பாக்கறாங்க, ஒண்ணும் தெகையல, அதுல நாச்சிமுத்துக்கு ராத்தூக்கமே இல்ல. ஆனா நான் இருந்த வேகத்துல, "அப்பனாட்டவேதானுங்க மகளும். நாம ஒண்ணு சொன்னா அது நாலு சொல்லும். ஒரு வார்த்தை பொறுக்காது"ன்னு போட்டேன் ஒரு போடு. அந்த ஆளு அதுக்கப்பறம் கேள்விய நிறுத்திப்போட்டு, வண்டியப் பாத்து ஓட்டிட்டு வந்தான்.

பொய்யில்லீங்க! பொய்யெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எல்லாம் நெசந்தான், ஆனா பாதி நெசம். எனக்கு வேலை போயி, வெளிய தலைகாட்ட வெக்கப்பட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தப்ப, தெனமும் காலையில வந்து கதவைத் தட்டி, "வாடா, நடந்துட்டு வரலாம்"னு இழுத்துட்டுப் போனவன் நாச்சிமுத்து. பனி கொட்டுனாலும் வருவானுங்க. எதுவும் கேக்க மாட்டான், சும்மா கூட நடப்பான். அதையெல்லாம் அந்த ஆளுகிட்டச் சொல்ல முடியுமுங்களா? சொன்னா அவனுக்கு இன்னும் ஆசை வந்துருமே.

இதைவிட எனக்குக் கோவம் எதுலன்னா, சோத்துல. செல்வி எத்தனை கட்டிக் குடுத்திருந்துச்சுங்கறீங்க. அரிசிம்பருப்பு சாதம், பள்ளிபாளையம் சிக்கன், கச்சாயம். நாங்க மூணு பேரும் வழிச்சு நக்கறோம், அந்த ஆளு ஒரு பருக்கை தொடலீங்க. "இருக்கட்டுங்க, அப்பறம் ஆகட்டுங்க"ன்னு சொல்லிப்போட்டு, தான் கொண்டுவந்த வாழப்பழத்தை உரிச்சுத் திங்கறான். தண்ணி கூட அவன் பாட்டில்தான். டல்லாஸ்காரனுக்கு நம்ம சோறு எறங்காதாட்ட இருக்குதுன்னு பூபதிகிட்டச் சொன்னேன். பூபதி பொரையேறுனாப்பல இருமிட்டுக் கண்ணைக் காட்டுனான். அவனுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு இருமல்.

இன்னைக்குக் காலையில ஸ்டேடியத்துக்கு வெளிய. கார் நிறுத்தற எடத்துல எல்லாரும் அடுப்புப் பத்த வெச்சு, கறியச் சுட்டுத் தின்னுட்டு, அதுக்கப்பறந்தான் மேட்ச்சுக்கு உள்ள போவாங்க. நோம்பியாட்டம் இருக்கும். நாச்சிமுத்து டீம் சட்டையப் போட்டுட்டு மட்டன் சுக்கா வறுத்தான். வாசத்துக்குப் பக்கத்துக் கார்க்காரவிய தட்டை நீட்டிட்டு வந்துட்டாங்கன்னாப் பாத்துக்குங்க. மொதத் தட்டை எனக்குத்தான் குடுப்பான், எப்பவும். இன்னைக்கு அதை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு அந்த ஆளுகிட்டப் போனான். அந்த ஆளு கும்புட்டான். "இருக்கட்டுங்க. அதுக்கு ஒரு நேரம் வருமுங்க"ங்கறான்.

எனக்கு உச்சியில ஏறிருச்சுங்க. "ஏனுங்க, எங்க ஊட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதுங்களா? அந்தப் பொம்பளை ரெண்டு நாளா நின்னு செஞ்சு குடுத்துச்சு. திங்கறதுன்னாத் தின்னுங்க, இல்லீன்னா எதுக்குங்க எங்க கூட வந்தீங்க?"ன்னு, தட்டை வாங்கி அந்த ஆளு கையில திணிச்சேன். கறி கீழ கொட்டிப்போச்சு. அந்த அயர்ன் பேன்ட்டு மேலயும்.

நாச்சிமுத்து கத்துனான் பாருங்க. "தண்டபாணி, வாய மூடறா! ஒனக்கு ஒரு எழவும் தெரியாது!" அத்தனை பேருக்கு முன்னாடி. ஒரு அன்னிய ஆளுக்காக. அவன் குனிஞ்சு அந்த ஆளு பேன்ட்டைத் தொடைச்சு உடறானுங்க அம்மிணி, கையில. நாச்சிமுத்து! காருல இருந்து பையை எடுத்துட்டு நடந்துட்டேன். ஊரே நீலச்சட்டை போட்டுட்டு ஸ்டேடியத்தைப் பாத்து வருது, நான் ஒருத்தன் எதுக்க நடக்கறேன். திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஒருத்தனும் பின்னாடி வல்லீங்க.

என்னங்க அம்மிணி, அப்படிப் பாக்கறீங்க? சிரிக்கறீங்களா? சொல்லுங்க, நானும் சிரிக்கறேன்.

கை நனைக்கலையான்னு கேக்கறீங்களா?

ஆமாங்க, அதைத்தானே சொல்றேன், ரெண்டு நாளா ஒரு பருக்கை... என்னது? பொண்ணு வீட்டுலயா? சம்பந்தம் முடிவாகற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டாங்கன்னா... அது தெரியுமுங்க, எனக்குத் தெரியாதுங்களா, என்ற தங்கச்சிக்குப் பாக்கறப்பக் கூட அவிய... 

இருங்க.

சித்தெ இருங்க. இல்லீங்க, அப்படியெல்லாம் இருக்காது. இருந்தா எங்கிட்டச் சொல்லாம இருப்பானா? என்ற கிட்டயா? அமுதினிக்கு ஒண்ணுன்னா மொதல்ல எனக்குத்தான... அந்த ஆளுக்குப் பையன் இருக்கறானாமுங்க. டாக்டராம். நேத்துக் காருல பேசிட்டு வந்தாங்க. நான் தூங்கறாப்பல கண்ண மூடிட்டிருந்தேன்.

அப்ப வண்டியில கேட்டதெல்லாம் வெசாரணையா? மாப்பிள்ளையோட அப்பனா வந்து, சிநேகிதன்கிட்டப் பொண்ணு வீட்டைப் பத்தி வெசாரிச்சிருக்கறான். அடக் கெரகமே! நாச்சிமுத்து வேணும்னேதான் என்னைய அந்த வண்டியில ஏத்திருக்கறான். "மனசுவுட்டுப் பேசிட்டு வா"ன்னானே! நான் என்னென்ன சொன்னனுங்க? எச்சக் கைன்னேன். மட்டைய வீசுனவன்னேன். புள்ளைய... ஐயோ, அந்தப் புள்ளையச் சொன்னனே. என்ற மடியில தூங்குன புள்ளைய ஒரு வார்த்தை பொறுக்காதுன்னு சொன்னனே. என்ற வாயி புழுத்துப்போக!

இப்ப நெசமாவே அடிக்குதுங்க. அவன்தான். நாச்சிமுத்து. என்ன பண்றது? நீங்க எடுத்து, நான் தூங்கறேன்னு சொல்லுங்களேன். சரி சரி, நானே எடுக்கறேன்.

"சொல்றா... பஸ்ஸுலதான்... ம்... டேய், நான்... நீ மொதல்ல சொல்லு... எதுக்குடா அழுகறே?... யாரு? அவரா?... அவரு அப்படிச் சொன்னாரா?... ம்... இல்லடா... நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல... எங்க?... வேண்டாம் வேண்டாம், அவரு எதுக்கு... குடு, குடு... சொல்லுங்க... ம்... ம்... சரீங்க."

தண்ணி இருக்குதுங்களா அம்மிணி? குடுங்க.

முடிஞ்சுதுங்க. சம்பந்தம் ஒறப்பாகிப்போச்சு. பாதி மேட்ச்சுல கேப்பு உட்டப்ப அந்த ஆளு நாச்சிமுத்து கையப் புடிச்சு, "எங்களுக்குச் சம்மதமுங்க"ன்னு சொல்லிட்டாராம். யாருன்னு சொல்லாம கூட வாரேன், சிநேகிதருககிட்ட நானே கேட்டுக்கறேன்னு அவருதான் சொல்லிருக்கறாரு. அதுக்கு நாச்சிமுத்து, "தண்டபாணி ஒருத்தனைக் கேளுங்க போதும், என்னைப் பத்தி அவனுக்குத் தெரியாதது எனக்கே தெரியாது"ன்னானாம். தண்டபாணி என்னங்க சொன்னான்னு இன்னைக்கு இவன் கேட்டிருக்கறான். அந்த ஆளு சொல்லுச்சாம், "உங்க சிநேகிதரு உங்களையும் பாப்பாவையும் அப்படி உசத்திப் பேசுனாருங்க. அவரு பேச்சைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுனேன்"னு.

நாச்சிமுத்து அழுகறானுங்க. "ஒன்னையப் போயிக் கத்திப்போட்டனேடா, நீ பேசுனதாலதான்டா என்ற புள்ளைக்கு இது அமைஞ்சுது"ன்னு அழுகறான்.

அப்பறம் அந்த ஆளு போனை வாங்குனாரு. என்னைய ஒரு வார்த்தை குத்திப் பேசலீங்க. நாச்சிமுத்து காதுல உழுகாம மெதுவாச் சொல்றாரு, "நீங்க சொன்ன கொணமெல்லாம் எங்க ஊட்டுலயும் இருக்குதுங்க. நானுங் கஞ்சன், எனக்குங் கோவம் வரும், என்ற பையனுக்கும் வாய் அதிகம். ஒத்துப்போகுமுங்க." அவ்வளவுதான்.

போட்டுக் குடுத்திருக்கலாமுங்க அம்மிணி. சத்தியமாச் சொல்றேன், அந்த ஆளு என்னையப் போட்டுக் குடுத்திருக்கலாம். நாச்சிமுத்து என்னைய நாலு அறை அறைஞ்சிருப்பான், ஒரு மாசம் பேசாம இருந்திருப்பான், அப்பறம் சேந்திருப்போம். இப்பப் பாருங்க, என்ற சிநேகிதன் எங்கிட்ட நன்றி சொல்லி அழுகறான், அந்த நன்றி அந்த ஆளு எனக்குப் போட்ட பிச்சை. இனி ஆயுசுக்கும் நான் அந்த ஆளைப் பாத்துக் கும்புடோணும். பெரிய மனுசனாட்டம் நடந்துக்கிட்டான் பாத்தீங்களா? அதைத்தானுங்க என்னால தாங்க முடியல. வயிறு எரியுது. நல்லா இருக்கட்டும் புள்ளை, நெம்ப நல்லா இருக்கட்டும், ஆனா எரியுதுங்க.

இன்னொண்ணும் சொன்னாங்க. இந்தப் பஸ்ஸு அடுத்த ஊருல சித்தெ நேரம் நிக்குமாமே? அங்க என்னைய எறங்கச் சொல்றாங்க. கூட்டிட்டுப் போக காரு வருதாம். நாச்சிமுத்து இல்லீங்க. சிகாமணியண்ணாதான், மிச்ச மேட்ச்சை உட்டுப்போட்டுக் கெளம்பிட்டாராம், தனியா. அந்த ஊருல இருந்து ஸ்டேடியத்துக்கு ஒரு மணி நேரம் அவரு கூட முன்சீட்டுல உக்காந்து போகோணும்.

அம்மிணி, நீங்க அடிக்கடி இதுல போறவிய, உங்களுக்குத் தெரியும். கூட்டம் இல்லீன்னா அந்த ஸ்டாப்புல நிக்காமப் போயிருவானுங்களா?